விற்க ஒரு மணி நேரம், சேர்க்க ஒரு வருஷம்

நிலத்தை விற்கிற வீட்டில் பத்திரம், பட்டா, வில்லங்கம், சர்வே என்று எல்லாவற்றுக்கும் ஆள் கிடைக்கிறார்கள். கிணற்று மோட்டாருக்கு ஒரு விலை உண்டு. பழைய ஓட்டு வீட்டின் தேக்கு உத்திரத்தைக்கூட ஊர் விட்டு ஊர் வந்து விலை பேசி எடுத்துப் போகிறார்கள். கட்டுத்தறியில் நிற்கிற பதினாறு வயசுப் பசுவுக்கு மட்டும் யாரைக் கேட்பது என்று தெரியாமல் வீட்டில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் இது இப்போது வீட்டுக்கு வீடு நடக்கிற கதை. பையன் பெங்களூரில், பெண் திருப்பூரில். அப்பாவுக்கு முட்டி வலி. அம்மாவால் சாணி எடுக்கக் குனிய முடியவில்லை. பதினைந்து ஏக்கரில் மூன்று ஏக்கரை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிடலாம் என்று குடும்பம் கூடி முடிவெடுக்கிறது. முடிவெடுத்தது சரிதான். அதில் நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த முடிவில் மாடு என்கிற வார்த்தை கடைசியாகத்தான் வருகிறது, அதுவும் பத்திரப் பதிவுக்குப் பத்து நாள் முன்னால்.

அந்தப் பத்து நாள்தான் பிரச்னை.

மாட்டை விற்பது கஷ்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எவ்வளவு கிழடாக இருந்தாலும், கால் தாங்கி நடந்தாலும், சந்தைக்கு ஓட்டிப் போனால் ஒரு மணி நேரத்தில் கைமாறிவிடும். தோள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசி முடித்துவிடுவார்கள். அடிமாட்டுக்கு எப்போதும் ஆள் உண்டு. கஷ்டமெல்லாம் அதை ஒரு வீட்டில் சேர்ப்பதில்தான். இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டுதான் பலரும் கடைசி வாரம் வரை சும்மா இருந்துவிடுகிறார்கள்.

இறைச்சிக்கு மாடு வாங்குகிறவர்களை நான் இங்கே திட்டப் போவதில்லை. அது ஒரு தொழில். சட்டத்துக்கு உட்பட்டும் நடக்கிறது. 1958-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி, பத்து வயசு தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் ஆகாது என்று சான்று பெற்ற எருதை அறுக்கலாம். 2017 மே மாதம் மத்திய அரசு, சந்தையில் அறுப்புக்காக மாடு விற்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் ஒரே வாரத்தில் அதை நிறுத்தி வைத்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை நாடு முழுக்கச் செல்லும் என்றது. ஆக, சட்டம் பத்து வயசில் ஒரு கோடு போடுகிறது. ஆனால் பத்து வருஷம் பெயர் சொல்லிக் கூப்பிட்ட குடும்பத்துக்கு, அதன் மேல் பாசம் முற்றியிருப்பதும் அந்த வயசில்தான்.

மூலனூர் பக்கம் எனக்கு மாமன் முறை ஆகிற ஒருவர். வயசு எழுபத்திரண்டு. பதினான்கு ஏக்கரில் பதினொன்றைக் கொடுத்தார். அவர் கட்டுத்தறியில் நின்றவை ஆறு உருப்படி. கன்று போடுகிற பசு இரண்டு, ஒரு கிடாரி, ஒரு ஜோடி எருது, இவற்றோடு அந்தக் கிடாரிக்குப் பாட்டி முறையில் ஒரு கிழட்டுப் பசு. எல்லாம் காங்கேயம்.

தரகர் வந்தார். வாசலில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, “எல்லாத்தையும் ஒரே வண்டியில ஏத்திக்கறனுங்க. வளர்ப்புக்குத்தானுங்க, பயப்படாதீங்க” என்றார்.

மாமா கிழட்டுப் பசுவைக் காட்டி, “அதும் பல்லப் பார்த்தியாப்பா?” என்று கேட்டார்.

“பார்த்தனுங்க.”

“பார்த்துட்டுமா வளர்ப்புக்குங்கறே?”

தரகர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர். அவர் சொன்னதைப் பொய் என்றுகூட நான் சொல்ல மாட்டேன், இரண்டு பக்கமும் தெரிந்தே பேசிக்கொள்கிற ஒரு மரியாதை அது. மாட்டுக்கு முன்பக்கக் கீழ்ப்பல்தான் பிறப்புச் சான்றிதழ். இரண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று ஏறி, நாலு, நாலரை வயசு வாக்கில் எட்டுப் பல்லும் சேர்ந்துவிடும். அதற்கு மேல் தேய்மானத்தை வைத்துத்தான் கணக்கு. தேய்ந்த பல்லைப் பார்த்துவிட்டு வளர்ப்புக்கு என்று சொல்பவரிடம் மேற்கொண்டு கேட்க என்ன இருக்கிறது?

ஏன் வீடு கிடைப்பதில்லை என்று பார்த்தால், காங்கேயம் மாட்டின் பெருமையே அதற்கு எதிராக நிற்கிறது. அது உழைப்புக்கு வளர்த்த இனம். வண்டி இழுக்கும், ஏர் ஓட்டும், வறட்சி தாங்கும், கிடைத்ததைத் தின்று நிற்கும். பால் மட்டும் கொஞ்சம்தான். கன்றுக்குப் போக ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் கறந்தால் பல வீடுகளில் அதுவே திருப்தி. கன்று பக்கத்தில் இல்லாவிட்டால் மடியில் பாலை இறக்காது. புது ஆள் கை வைத்தால் உதைக்கும். பால் விற்றுப் பிழைக்கிறவர் கலப்பினப் பசுவை வாங்குவாரே தவிர இதை வாங்க மாட்டார். எருது வேலையை டிராக்டர் எடுத்துக்கொண்டு வெகு காலம் ஆகிறது.

இன்னொரு காரணம், நகரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாதது, கொறங்காடு. இந்தப் பக்கத்து மேய்ச்சல் நிலத்துக்கு அதுதான் பெயர். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடு நடுவே வெள்வேல மரம். மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் போதும், கூடவே நின்று மேய்க்க ஆள் வேண்டாம். புல் காய்ந்த காலத்தில் வெள்வேலங்காய் தின்னும். எழுபது வயசுத் தம்பதி ஆறு மாடு வைத்திருக்க முடிந்ததே அந்த வேலியால்தான். கொறங்காடு இருக்கும்வரை கிழட்டு மாட்டுக்கென்று தனிச் செலவு யார் கண்ணிலும் படாது, மற்றவற்றோடு அதுவும் மேயும்.

கொறங்காட்டை விற்ற மறுநாள் கணக்கு மாறிவிடுகிறது. முந்நூறு கிலோ எடையுள்ள பசுவுக்கு ஒரு நாளைக்கு ஏழு கிலோ காய்ந்த தீவனமாவது வேண்டும். வருஷத்துக்கு இரண்டரை டன். அத்தனையும் காசு கொடுத்து வாங்கும் சோளத்தட்டு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பசு இருபது வயசு வரைகூட இருக்கும். பதினாறு வயசுப் பசுவைத் தருகிறேன் என்று நீங்கள் சொல்லும்போது, எதிரில் இருப்பவர் காதில் பத்து டன் தட்டு என்றுதான் விழுகிறது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அதோடு, மாடு குறைக்கிற வீடு ஒன்று இரண்டாக வருவதில்லை. மழை பொய்த்த வருஷம் ஊரே குறைக்கும். 2017 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் கூடினார்கள், நாட்டு மாடு என்கிற சொல் எல்லோர் வாயிலும் இருந்தது. அதே மாதம்தான் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. காங்கேயம் காளைக்குக் கிராக்கி ஏறியது. தண்ணீரும் தீவனமும் இல்லாத வீட்டுக் கிழட்டுப் பசுவுக்கு அதனால் என்ன வந்தது?

மாட்டின் பாடாவது பரவாயில்லை என்று சொல்ல வைக்கிற பிராணி ஒன்று உண்டு, குதிரை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடுகிற குதிரைச் சந்தையைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாகப் போகிறோம், பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்கிறோம். ரேக்ளாவுக்கென்றோ, பேரன் ஆசைப்பட்டான் என்றோ அதில் ஒன்றை வாங்கிக் கட்டிவிட்டுப் பின்னால் திணறுகிற வீடுகளும் இருக்கின்றன. குதிரை இருபத்தைந்து, முப்பது வருஷம் வாழும். ஏர் இல்லை, பால் இல்லை. குளம்பைத் தவறாமல் கவனிக்க வேண்டும், லாடம் அடிக்கத் தெரிந்தவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அமெரிக்காவில் சின்னச் சின்னப் பண்ணைகளுக்கு இது பெரிய தலைவலி. மகள் சவாரி பழக வாங்கிய குதிரை, மகள் கல்லூரிக்குப் போன பின்னும் தொழுவத்தில் நிற்கும். 2007-ல் அந்த நாட்டில் கடைசிக் குதிரை இறைச்சிக் கூடங்கள் மூடப்பட்டன. மறு வருஷம் பொருளாதாரம் சரிந்தது. வைத்துக்கொள்ளவும் முடியாமல், வாங்கவும் ஆள் இல்லாமல் பல குடும்பங்கள் தவித்தன. அங்கும் நல்ல வயசுக் குதிரைக்கு இடம் கிடைத்தது, நொண்டிக்கும் கிழட்டுக்கும்தான் கிடைக்கவில்லை.

சரி, மாமா கதைக்கு வருவோம். அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. நல்ல மாட்டை முதலில் விற்கவில்லை.

எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். கிடாரியும் சினைப் பசுவும் முதல் வாரமே நல்ல விலைக்குப் போய்விடும். கையில் காசு வந்த தெம்பில் மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுவார்கள். கடைசியில் யாருக்கும் வேண்டாதவை மட்டும் நிற்கும், அப்போது பேரம் பேச உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. மாமா கிடாரியைக் கையில் வைத்துக்கொண்டார். “கிடாரி வேணும்னா பாட்டியையும் கூட்டிட்டுப் போகோணும். விலையில கொறைச்சுக்கறேன்” என்றார். வந்தவர்களில் பாதிப் பேர் சிரித்துக்கொண்டு எழுந்து போனார்கள். நாலு மாதம் அப்படியே போனது. பிறகு இயற்கை விவசாயம் செய்கிற ஓர் இளம் தம்பதி சம்மதித்தார்கள்.

அவர்கள் சம்மதித்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. ஜீவாமிர்தம் தயாரிக்கிறவருக்குப் பால் முக்கியமில்லை. 200 லிட்டர் தண்ணீருக்குப் பத்துக் கிலோ சாணி, பத்து லிட்டர் கோமியம், வெல்லம், பயறு மாவு, ஒரு பிடி மண் என்பது பாலேக்கர் முறை பழகியவர்களுக்கு மனப்பாடம். நாட்டு மாட்டுச் சாணிதான் வேண்டும் என்று தேடுகிறவர்கள் அவர்கள். கறவை வற்றிய பசுவும் சாணி போடும். கிழட்டு நாட்டுப் பசுவுக்கு இன்றைக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது என்றால் அது அங்கேதான். உங்கள் வட்டாரத்தில் அப்படி யாராவது இருந்தால் தரகருக்கு முன்னால் அவரைப் போய்ப் பாருங்கள்.

ஆனால் வார இறுதியில் மட்டும் காரில் வந்து போகிற பண்ணை வீட்டுக்காரர்களிடம் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. ஆசை நிஜமாகத்தான் இருக்கும். ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை மாட்டைப் பார்ப்பது சம்பள ஆள். அவர் மாறினால் மாட்டின் விதியும் மாறும். ஏற்கெனவே இரண்டு மாடாவது கட்டியிருக்கிற வீடாகப் பாருங்கள். அங்கே ஒரு மாடு கூடினால் ஒரு கை தட்டுதான் கூடும். மாடே இல்லாத வீட்டில் எல்லாமே புதிதாக ஆரம்பிக்க வேண்டும்.

வயசு இருக்கிற பசு என்றால் வாரத்துக்கு விடுகிற பழைய வழக்கத்தையும் மறந்துவிட வேண்டாம். மாடு உங்களுடையது, வளர்ப்பு அவர்களுடையது, போடுகிற கன்றில் பங்கு. மாடு வாங்கப் பணம் இல்லாத, ஆனால் மேய்க்கத் தெரிந்த குடும்பத்துக்கு இது பெரிய உதவி. மாமாவின் இரண்டு பசுக்களில் ஒன்று அப்படித்தான் பக்கத்து ஊருக்குப் போனது. முதல் ஈத்துக் கன்று அவர்களுக்கு, அடுத்தது இவருக்கு என்று பேச்சு. எழுத்து ஒன்றும் இல்லை. இன்றைக்கு எழுதி வைத்துக்கொள்வது நல்லது என்று நான் சொன்னபோது மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் சொன்னதில் தப்பில்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

கோசாலை? கேட்கலாம். சில இடங்களில் மாதப் பராமரிப்புத் தொகை கேட்பார்கள், கேட்பதும் நியாயம். கொண்டு போய் விடுவதற்கு முன்னால் ஒரு தடவை பங்குனி, சித்திரை வெயிலில், மத்தியான நேரத்தில் சொல்லாமல் போய்ப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, தட்டுப் போர் எவ்வளவு உயரம், படுத்திருக்கிற மாடு எழுந்து நிற்கிறதா? இது மூன்றும் போதும். கோயிலுக்கு விடுவதாக வேண்டுதல் இருந்தாலும் அங்கே யார் தீவனம் போடுகிறார்கள், இடம் பற்றாமல் போனால் மாடு யார் கைக்குப் போகும் என்று கேட்டுவிட்டு விடுங்கள். சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு பொறுப்பைக் கழற்றிவிடுகிற வழக்கம் நம்மிடம் கொஞ்சம் உண்டு.

படுத்த படுக்கையாகி எழுந்திருக்க முடியாமல், புண் வைத்து அவதிப்படுகிற மாடு என்றால் இடம் தேடி அலைவதைவிடக் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு வெளிப்படையாகப் பேசுவது மேல். வலியில்லாமல் போக வழி உண்டா என்று கேட்பதில் பாவம் ஒன்றுமில்லை. அந்த நிலையில் அதை லாரியில் ஏற்றுவதுதான் கொடுமை.

லாரி என்றதும் ஒன்று. சாதாரண லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது விதி. மருத்துவரின் சான்றும் கையில் இருக்க வேண்டும். காதில் மஞ்சள் வில்லை இருந்தால் அதிலுள்ள 12 இலக்க எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கால்நடை மருந்தகத்தில் சொல்லிப் புது வீட்டுக்காரர் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். பிறகு என்றைக்காவது அந்த மாட்டைப் பற்றி யாராவது கேட்டால் பதில் சொல்ல அந்த எண்தான் இருக்கும்.

தேடுவதை எப்போது ஆரம்பிப்பது? நிலம் விற்கலாம் என்று முதல் பேச்சு வந்த அன்றைக்கே. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து காடு பச்சையாக இருக்கும்போது கேட்டால் கொஞ்சம் யோசித்தாவது பதில் சொல்வார்கள். சித்திரையில் தட்டு தீர்ந்த வீட்டில் போய்க் கேட்டால் கைகூப்பிவிடுவார்கள். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் மாட்டுச் சந்தை பிரமாதமாகக் கூடும், பழையகோட்டையில் ஞாயிற்றுக்கிழமை காங்கேயம் மாட்டுக்கென்றே சந்தை நடக்கிறது. காளைக்கும் கிடாரிக்கும் அங்கே நல்ல இடம் அமையும். கிழட்டுப் பசுவுக்கான இடம் சந்தையில் இல்லை, ஊர் ஊராகக் கேட்டு அலைவதில்தான் இருக்கிறது.

மாமாவுக்கு எருது விஷயம் மட்டும் கூடிவரவில்லை. ஜோடியில் ஒன்றுக்கு ஒன்பது வயசு, இன்னொன்றுக்குப் பன்னிரண்டு. ஒன்பது வயசுக்காரனை மரச்செக்கு வைத்திருக்கிற ஒருவர் கேட்டார், நல்ல விலைதான். மாமா கொடுக்கவில்லை. இத்தனை வருஷம் ஒரே நுகத்தில் ஒன்று இடப் பக்கமும் மற்றது வலப் பக்கமும் நடந்தவை. ஒன்றை அவிழ்த்துக் கொஞ்ச தூரம் ஓட்டிப் போனாலே மற்றது கத்த ஆரம்பித்துவிடும். ஜோடியாக எடுக்கிறவர் வரட்டும் என்றார். ஒரு வருஷம் தாண்டியும் யாரும் வரவில்லை. மிச்சம் இருக்கிற மூன்று ஏக்கரில் ஒரு ஏக்கர் சோளம் இப்போது அந்த இரண்டுக்காகத்தான் விளைகிறது. ஒரு பசுவும் அவற்றோடு தங்கிவிட்டது. திருப்பூரிலிருந்து பெண் வரும்போதெல்லாம், “அப்பா, கல்யாணங்காச்சின்னு ரெண்டு நாள் எங்கயும் வர முடியறதில்ல உங்களால. இன்னும் எத்தன வருஷத்துக்குப்பா?” என்று கேட்கிறாள். அவள் கேட்பதும் நியாயம். அத்தை இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து சாப்பிடக் கூப்பிடுவார்.

இடம் கிடைத்துவிட்டால் கடைசியாக ஒரு வேலை. மாட்டோடு ஒரு வாரத்துத் தட்டையும் கூடவே ஏற்றி அனுப்புங்கள். புது இடத்தில் இரண்டு மூன்று நாள் சரியாகத் தின்னாது, பழகிய தீவனத்தின் வாசம் இருந்தால் வாய் வைக்கும். என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள், எந்தப் பக்கம் நின்றால் உதைக்கும், தண்ணீரில் உப்புப் போட்டால் குடிக்குமா, தவிடு வேண்டுமா என்பதையெல்லாம் சொல்லி அனுப்புங்கள். முதல் மாதம் நல்ல கயிற்றில் கட்டி வைக்கச் சொல்லுங்கள். பழைய வீட்டுக்கு நடந்தே திரும்பி வந்துவிட்ட மாடுகள் இந்தப் பக்கம் நிறைய. வந்து பார்த்தால் வேலி மாறியிருக்கும், ஆள் மாறியிருப்பார்கள்.

கயிறு என்றதும் ஞாபகம் வருகிறது. மாட்டைக் கொடுக்கும்போது பழைய கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொண்டு, வாங்குகிறவர் கொண்டுவந்த புதுக் கயிற்றைப் போட்டு அனுப்புவது பல ஊர்களில் வழக்கம். கயிற்றோடு லட்சுமியும் போய்விடுவாள் என்பார்கள். கிழட்டுப் பசு போன அன்றைக்கு மாமா கயிற்றை அவிழ்க்கவில்லை. “அது கழுத்துக்குப் பழகுன கயிறு, புதுசு உறுத்தும்” என்று சொல்லிவிட்டு மோட்டார் போடப் போய்விட்டார்.